ஈரலூட்டுக் கூறு

என் தம்பி மகனுக்கு மூன்று வயது நிறையும் தறுவாயிலும் பிறந்த முடி இறக்கப்படவில்லை. குன்னூர் மழையில் அவ்வளவு நீண்ட கூந்தல் காய்வது எளிதன்று. குளிப்பாட்டியபின் அவன் தாய் அவனை அடுப்பருகே அமர்த்தி, தணல் சட்டியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, விரல்களால் கோதிக் கோதி உலர்த்துவாள். பாதி உலர்வதற்குள் அவன் நழுவி ஓடிவிடுவான். மறுநாள் மூக்கு ஒழுகும். அதற்கடுத்த நாள் இருமல். பேருந்தில் அருகே அமர்வோர், “பாப்பா பேரென்னுங்க?” என்பர். “பாப்பா இல்லீங்க, பையன்” என்று சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது.

முடி இறக்காததற்குக் காரணம், எங்கள் குலதெய்வம் எதுவென்று எங்களுக்குத் தெரியாததே. கரு தங்காமற்போன துயரத்துக்குப் பின், அடுத்த பிள்ளை நிலைத்தால் அதன் முதல் முடியைக் குலதெய்வத்துக்கே தருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டியபோது அத்தெய்வத்தின் இடமோ பெயரோ அவள் அறியாள். புகுந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பியிருக்கிறாள். அது தெரியாத வீடும் உலகில் உண்டு என்பது அவள் எண்ணத்தில் தோன்றவேயில்லை.

அரவேணுவிலிருந்து வரும்போதெல்லாம் அவளுடைய தாயார் என் காதில் விழும்படியே சொல்வார்: “எஸ்டேட்டு லைன் ஊடுகள்ல திரியற நாய்க்குக்கூட அதுக்குன்னு ஒரு வாசப்படி இருக்குது. சாமி தெரியாத ஊட்டுக்குப் பொண்ணக் குடுத்துப்போட்டு நாந்தான் முழிக்கறேன்.”

நான் மூத்தவன், பள்ளியில் தமிழ் கற்பிப்பவன், பழைய ஏடுகளைப் படித்துப் பொருள் காண்பவன் என்று குடும்பத்தில் பெயரெடுத்தவன். ஆகவே முன்னோரைத் தேடும் பொறுப்பு என் தலையில் வந்து அமர்ந்தது. எங்கள் தாய் தந்தையர் அப்போது உயிருடன் இல்லை. பாட்டனார் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர் என்பதும், அவரோடு வந்தவர்கள் ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் கொணர்ந்து ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் சாமியை நிறுவினார்கள் என்பதும் அம்மா சொல்லி அறிந்தவை. எந்தத் தோட்டம் என்று கேட்டால், “உங்கப்பா அந்தப் பக்கம் தலவெச்சே படுக்கமாட்டாரு, என்னைக் கேட்டா?” என்று பேச்சை முடித்துவிடுவார்.

முதலில் அப்பா ஓய்வுபெற்ற தோட்டத்தின் அலுவலகத்துக்குச் சென்றேன். செக்ரோல் என்று அவர்கள் வழங்கும் பணியாளர் பேரேட்டில், அப்பாவின் பெயருக்கருகே பாட்டனாரின் பெயர் இருந்தது. அது முருகப்பெருமானின் பெயர்களுள் ஒன்று. என் திருமண அழைப்பிதழில் ‘இன்னாரின் பேரன்’ என்று அப்பெயரைத்தான், வடசொல் நாற்றம் நீக்கித் தூய வடிவில், நானே திருத்தி அச்சிட்டிருந்தேன். அதை எழுதிய தாளை நீட்டியபோது, பேரேடு எழுதும் அலுவலக ரைட்டர் சிரித்தார்.

“இந்தப் பேருல ஒவ்வொரு எஸ்டேட்லயும் ஒரு கூட்டமே இருக்குமுங்க சார். அந்தக் காலத்து மேஸ்திரிக ஆள் சேத்தறப்ப வாயில வந்த சாமி பேரையெல்லாம் குடுத்திருவாங்க. அப்பறம் அடையாளத்துக்குப் பட்டப்பேர் போட்டுக்குவாங்க. பாருங்க.”

அவர் விரித்த பக்கத்தில் ஒரே பெயர் அடுத்தடுத்து வந்தது. ஒவ்வொன்றின் பின்னும் ஆங்கில எழுத்தில் ஒரு சொல்: நெட்டை, சிறுமுகை, ஆட்டுக்காரன், மாறுகண். சம்பள நாளில் அந்தப் பின்சொல்லைக் கூவினால்தான் ஆள் வருமாம். முன்சொல்லைக் கூவினால் வரிசையே நகர்ந்து வருமாம்.

“உங்க தாத்தாவுக்குப் பட்டப்பேர் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க சார். மத்த எஸ்டேட்டுலயும் விசாரிச்சிரலாம்.”

“அப்படி எதுவும் இல்லை” என்றேன்.

அது பொய். எனக்கு ஒரு பட்டப்பெயர் தெரியும்.

நான் சிறுவனாயிருந்தபோது ஒரு நாள், அரிசி வழங்கும் வரிசையில் அப்பாவின் வேட்டியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தேன். பின்னால் நின்ற ஒரு பெண் உரக்க, “ஏனுங்க ஈரலூட்டுக்காரரே, வரிசையில நில்லுங்க. முந்திப் போறது உங்க ஊட்டுப் பழக்கமாட்ட இருக்குது!” என்றாள். வரிசை முழுதும் சிரித்தது. அப்பா வெறும் பையோடு என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று வீட்டில் கேழ்வரகுக் களி. சில நாள்களில் நாங்கள் வேறு தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே ஒருவரும் எங்களை அப்பெயரால் அழைக்கவில்லை. தம்பி அங்கேதான் பிறந்தான்.

ஈரலூடு. அதன் கதை எனக்குத் தெரியாது. ஆனால் அது நல்ல கதையன்று என்பதை அப்பாவின் நடை எனக்குச் சொல்லியிருந்தது. பின்னாளில் நான் இலக்கணம் கற்று, மரக்கறி உணவுக்கு மாறி, ஊட்டியில் ஒரு தலைமையாசிரியர் வீட்டில் பெண்ணெடுத்து வாழத் தொடங்கியபின் அச்சொல் எனக்குள் மேலும் ஆழத்தில் இறங்கிவிட்டது. ஆட்டின் உள்ளுறுப்பைக் குடிப்பெயராகக் கொண்டவன் என்று என்னை நானே எண்ணிப் பார்க்கவும் கூசினேன்.

ரைட்டரே மற்றொரு துப்பும் தந்தார். அரவேணுவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிடிமண் வைத்த முனியப்பன் கோயில் உண்டென்றும், சமவெளியிலிருந்து வந்த பங்காளிக் குடும்பங்கள் மாசி மாதத்தில் அங்குக் கூடுவார்கள் என்றும் சொன்னார். ஒரு சனிக்கிழமை அங்குச் சென்றேன். தேயிலைச் சரிவின் நடுவே, சில்வர் ஓக் மரங்களின் அடியில் சுண்ணாம்பு பூசிய மேடை. அதன்மேல் நட்ட வேல்கள். கோயில் காரியங்களை முன்நின்று நடத்தும் பெரியதனம் என் வயதுடையவர்தாம். தொழிற்சாலையில் இலை அரைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். சட்டையில் தேயிலைத் தூள் மணத்தது.

“ஏனுங்க, வாத்தியாருங்களா? உக்காருங்க. ஆரத் தேடறீங்க?”

தூய வடிவிலேயே பாட்டனார் பெயரைச் சொன்னேன். அவர் வாய்க்குள் ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தார்.

“அந்தப் பேருல நம்ம பங்காளியில ஆரும் இல்லீங்க. ஊட்டுப் பேரு என்னுங்க?”

“ஊட்டுப் பேரா?”

“ஆமாங்க. இங்க அல்லாருக்கும் ஒன்னு இருக்கும். நாங்க லீவூடு. எங்கப்பாரு எப்பப் பாத்தாலும் தொரைகிட்டப் போயி லீவு கேப்பாராம். செத்துப்போன அம்மாவையே திரும்பத் திரும்பச் சாகடிச்சு லீவு வாங்கியிருக்காரு மனுசன்.” அவர் தம் தொடையில் தட்டிச் சிரித்தார். “அந்தா, அந்த நீலக்கதவு ஓட்டக்கொடையூடு. அதுக்கு அக்கட்டால சளியூடு. பொண்ணு கேட்டு வர்றவங்ககூட அப்பிடித்தான் கேட்டு வருவாங்க. நீங்க எந்த ஊடுங்க?”

கேள்வி என் முன் திறந்த கதவைப் போல நின்றது. உள்ளே நுழைய ஒரு சொல் போதும்.

“எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லைங்க” என்றேன்.

“பேரில்லாத ஊடு ஏதுங்க! வயசானவங்க ஆராவது இருந்தாக் கேட்டுப் பாருங்க” என்று சொல்லி, எனக்குத் தேநீர் வருவித்துத் தந்து வழியனுப்பினார்.

நான் தம்பியின் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மனைவி சமையலறை வாயிலில் வந்து நின்றாள். எங்கள் வழக்கப்படி அவள் என் எதிரே அமர்வதில்லை. குரலை உயர்த்திப் பேசுவதுமில்லை.

“என்னாச்சுங்க மாமா?”

“நம்ம பேரு அங்க இல்லைங்கறாங்கம்மா.”

“ஊட்டுப் பேரச் சொல்லிக் கேட்டீங்களா மாமா? எங்க பக்கமெல்லாம் அத வெச்சுத்தான் கண்டுபிடிப்பாங்க.”

“கேட்டேன். இல்லேன்னுட்டாங்க.”

அவள் என்னை நம்பினாள். நான் படித்தவன், மூத்தவன். தலையை அசைத்துவிட்டு உள்ளே சென்று, உறங்கிக்கொண்டிருந்த குழந்தையின் சடையைப் பிரித்து, ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை வலுத்தது. குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கிக் காய்ச்சல் வந்தது. மருத்துவர், முதலில் முடியை வெட்டுங்கள் என்று கடிந்துகொண்டார். ஒரு நாள் மாலை பள்ளி விட்டதும் நான் வெலிங்டனுக்கு நடந்தேன். தம்பி அங்கே படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தர். வாயிற்காவலைத் தாண்டி மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ஞாயித்துக்கெழம பஜார்ல கொண்டுபோயி வெட்டிரலாம்னு சொல்லிட்டாண்ணா. அழுதுட்டேதான் சொல்றா. வேற என்ன பண்றது? வேண்டுதல முறிச்சா ஏதாவது ஆயிருமோன்னு அவளுக்குப் பயம்.”

சாலையோரக் கற்பூரமரங்களைப் பார்த்தபடி நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

“என்னது?”

“ஈரலூடு. நம்ம ஊட்டுப் பேரு.”

அவன் வெடித்துச் சிரித்தான். “ஆட்டீரலா, கோழியீரலாண்ணா?” சிரிப்பு அடங்கியபின் மிதிவண்டியை நிறுத்தினான். “இது உனக்கு எப்பத் தெரியும்?”

“நீ பொறக்கறதுக்கு முந்தி.”

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வழக்கமாக நாங்கள் தேநீர் அருந்தும் கடையை நில்லாமல் கடந்து சென்றான். வீட்டுத் திருப்பத்தில் மட்டும், “அவகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றான். என்ன சொன்னான், எதை விடுத்தான் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையைப் பஜாருக்குக் கொண்டுசெல்லவில்லை.

அன்றே இருவரும் முனியப்பன் கோயிலுக்குச் சென்றோம். தம்பிதான் பேசினான். சொல்லைக் கேட்டதும் பெரியதனம் துள்ளி எழுந்தார்.

“ஈரலூடா! அட, அன்னிக்கே சொல்றதுக்கென்னுங்க வாத்தியாரே! ஏப்புள்ள, இங்க வா, ஆரு வந்திருக்காங்க பாரு! ஈரலூட்டுக்காரங்க!”

அவர் மனைவி, அண்டை வீட்டார், தண்ணீர் பிடித்துவந்த பெண்கள் என்று ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது. அனைவருக்கும் கதை தெரிந்திருந்தது. எங்களுக்கு மட்டுமே தெரியாது.

பூசையன்று வெட்டிய கிடாயின் ஈரலைத் தனியே எடுத்து, கம்பியில் கோத்துத் தணலில் சுட்டு, மற்றெல்லாவற்றுக்கும் முன்பாகச் சாமிக்குப் படைப்பது அவர்கள் வழக்கம். படைத்தபின்னரே மற்றக் கறி உலையேறும். ஓர் ஆண்டு ஈரல் சுடும் பணி எங்கள் பாட்டனாருக்கு வாய்த்தது. பூசாரி கற்பூரத்தட்டோடு திரும்பிப் பார்த்தபோது கம்பி வெறுமையாக இருந்தது. பாட்டனார் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றை எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்பதினும் வேண்டினேன் என்பதே சரி.

“அது பஞ்ச காலமுங்களா? பட்டினியால...”

“பஞ்சமெல்லாம் இல்லீங்க” என்றார் பெரியதனம் இரக்கமின்றி. “அன்னைக்கு ரெண்டு கெடா. சித்த நேரம் பொறுத்திருந்தா அல்லாருக்கும் வயிறு முட்டக் கறிதான். வாசம், வாத்தியாரே. வாசம் புடிச்சு இழுத்துப்போடுச்சு மனுசன!”

தம்பியும் அவர்களோடு சேர்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். நானோ பசிக்கு அடிமையான ஒரு பாட்டனாரைத் தேடி வந்து, நாவுக்கு அடிமையான ஒருவரைப் பெற்றுக்கொண்டு நின்றேன்.

“அதுக்காக விலக்கி வெச்சுட்டீங்களா?” என்று தம்பி கேட்டான்.

“ஆரு விலக்குனா? ஆரும் போகச் சொல்லலீங்க. பூசாரி ரெண்டு வசவு வெச்சுட்டு, வேற ஈரல் சுட்டுப் படச்சிருக்காரு. அம்புட்டுதான். சனம் சிரிச்சது. பேரு வெச்சது. எங்களுக்கெல்லாம் வெச்ச மாதிரிதான். அவருதான் தாங்கமாட்டாம அடுத்த வருசம் வரல. அப்பறம் எஸ்டேட்டே மாறிட்டாரு. இன்னைக்கும் கூறு போடறப்ப உங்க ஊட்டக் கூப்புடறோமுங்க. ஆளு வராது. பறையடிக்கறவங்களுக்குக் குடுத்துருவோம்.”

எவரும் துரத்தாத ஒருவர் மலைச்சரிவுகளில் ஓடியிருக்கிறார். அவருக்குப் பின் அவர் மகன் ஓடினார். நான் ஓடவில்லை; நின்ற இடத்திலேயே பெயரைத் திருத்தி எழுதிக்கொண்டேன்.

மழை ஓய்ந்து, குழந்தையின் காய்ச்சலும் தணிந்தபின், மாசிப் பூசையன்று எல்லோரும் சென்றோம். தம்பி மனைவியின் தாயார் வந்திருந்தார். என் மனைவியோடு அவள் தந்தையாகிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும், தோட்டத்து மக்களின் வழிபாட்டைக் காண விரும்பி ஊட்டியிலிருந்து வந்திருந்தார். எங்கள் வீட்டுப் பெயரை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை; அவரை வரவேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

வழக்கம் இதுதான். படையல் முடிந்ததும் வாழையிலைகளில் கறியைக் கூறு வைப்பார்கள். பெரியதனம் ஒவ்வொரு வீட்டையும் அதன் பட்டப்பெயரால் அழைப்பார். அவ்வீட்டின் மூத்தவர், ‘வந்திருக்குதுங்க’ என்று எல்லோரும் கேட்கச் சொல்லி இலையை வாங்கவேண்டும். கூறு வாங்கிய வீடே பங்காளி வீடு. அவ்வீட்டுக் குழந்தைக்கே அங்கு மொட்டை போடுவார்கள். மொட்டைக்காக நாவிதர் ஓரமாகக் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். குழந்தை தன் தாயின் இடுப்பில் இருந்தான்.

“லீவூடு!” என்று தம்மைத் தாமே அழைத்துக்கொண்டு, “வந்திருக்குதுங்க, இன்னைக்கு லீவு போட்டுட்டு!” என்று தாமே பதிலும் சொன்னார் பெரியதனம். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஓட்டக்கொடையூடு, சளியூடு என்று ஒவ்வொரு வீடாக, வெட்கமின்றி, சிரித்தபடி முன்னே சென்றது.

“ஈரலூடு!”

கூட்டத்தில் முகங்கள் என் பக்கம் திரும்பின. என் மாமனார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி, எந்த வீட்டார் எழுகிறார்கள் என்று ஆவலோடு சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பி என் முழங்கையைத் தொட்டான். மூத்தவன் இருக்க இளையவன் பதில் சொல்லலாகாது என்பதால் அவன் வாய் திறக்கவில்லை. நான் எழுந்திருக்கவேண்டும். ஒரு சொல்லைச் சொல்லவேண்டும். வகுப்பறைகளில் ஆயிரமாயிரம் சொற்களைச் சோர்வின்றிச் சொன்ன நாவு அது. என் பார்வை தரையில் கிடந்த சில்வர் ஓக் சருகின்மேல் நிலைத்துவிட்டது.

“ஈரலூடு இருக்குதுங்களா, இல்லீங்களா?” பெரியதனத்தின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. பறையடிப்பவர்களுள் ஒருவர், ஆண்டுதோறும் வாங்கிய பழக்கத்தில், இலைக்காக ஓரடி முன்னே வந்தார்.

“வந்திருக்குதுங்க!”

குரல் பெண்கள் பக்கமிருந்து வந்தது. என் எதிரே ஒருநாளும் குரலை உயர்த்தாதவள், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தாள். “ஈரலூடு வந்திருக்குதுங்க. நான் ஈரலூட்டு மருமவ. கூறக் குடுங்க.”

பெண் வாங்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார். பெரியதனம் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணை விலக்கிக்கொண்டு, இலையை இரு கைகளாலும் எடுத்து அவளிடம் கொடுத்தார். “வாங்கிக்க தாயி. இதுல ஈரல் இருக்குது, வழியில தின்னுபோடாத” என்றார். அவளே முதலில் சிரித்தாள். அதுவரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த அவள் தாயாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூட்டம் அவளை ஏற்றுக்கொண்ட சிரிப்பு அது. அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

குழந்தையின் முடி தேயிலைச் சரிவில் காற்றில் பறந்தது. அவன் தன் மொட்டைத் தலையைத் தடவித் தடவி வியந்தான்.

திரும்பும் பேருந்தில் என் மாமனார், “ஈரலூடு! என்ன உயிருள்ள பெயர்! அந்தப் பெண் உங்கள் தம்பி மனைவியல்லவா? அப்படியானால் நீங்களும் அவ்வீட்டார்தாமே?” என்று கேட்டார். அவர் குரலில் இகழ்ச்சி துளியுமில்லை. யாருடைய இகழ்ச்சிக்கு அஞ்சி அக்குழந்தையை ஈரத்தலையோடு இரும விட்டேனோ, அவரிடம் அது இல்லவே இல்லை. நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன். மனைவி, “ஆமாப்பா” என்றாள்.

அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் மாசிப் பூசைக்குச் செல்கிறேன். தம்பி வீட்டார் தவறாமல் அழைக்கிறார்கள். அவன் மனைவி எப்போதும் போல் மரியாதையோடு, “வாங்க மாமா” என்கிறாள். ஆனால் ஈரலூடு என்று அழைக்கும்போது பெரியதனம் என்னைப் பார்ப்பதில்லை. அவள் எழுந்து செல்கிறாள். மூத்தவன் இருக்க எப்படி என்று இப்போது ஒருவரும் முணுமுணுப்பதில்லை.

எனக்கு மேடைக்கு அருகே, ஆசிரியர் என்ற மதிப்புக்காக, ஒரு நாற்காலி போடுகிறார்கள். பங்காளிகள் எல்லோரும் தரையில் அமர்ந்திருக்கிறார்கள்.